விருப்பப் பாடலும் விடுபட்ட பாடலும்

ஒருவர் விரும்பும் பாடல்கள் எவை என்று கேட்டறிந்தால், அவருடைய செவி எந்தெந்த வாயில்களில் நின்று கேட்டுப் பழகியது என்பது ஒருவாறு புலனாகும். ஹல்துமுல்லைச் சுற்றுவட்டாரத்தில் ஆசிரியப் பணி புரியும் நாம், மாணவரிடத்தும் அவர்தம் பெற்றோர் பாட்டனாரிடத்தும் இவ்வினாவைப் பல முறை எழுப்பியதுண்டு. கிடைத்த விடைகளில் இரு செய்திகள் நம்மைச் சிந்திக்க வைத்தன. முதியோர் கூறும் பட்டியல் பல வகைப்பட்டது: நாகசுர இசை ஒன்று, தேவாரம் ஒன்று, நாகூர் ஹனிபாவின் பாடல் ஒன்று, பழைய திரைப்பாடல்கள் நான்கு, ஒரு சிங்களப் பாட்டு, பொருள் தெரியாமலே இனித்த ஓர் இந்திப் பாட்டு என்றவாறு அது விரியும். இளையோர் கூறும் பட்டியலோ நீளமானது. ஆனால் ஒரே வகைப்பட்டது. இஃது ஒன்று. மற்றொன்று, இவ்விரு பட்டியல்களிலும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்த பாட்டு ஒன்றேனும் இடம்பெறுவது அரிது. இவ்விரண்டினையும் ஒருங்கே ஆராய்வது தமிழ் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் கடமையாகும்.

முதியோரின் பட்டியல் அவ்வாறு விரிந்தமைக்கு வானொலியே காரணம். இலங்கையில் முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக அமைந்திருந்த வலிமை வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வர, 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமானது. 1967 சனவரி 5இல் அத்திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறிற்று; 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயர் பெற்றது. பெயர்கள் மாறினும், மக்கள் நாவில் அஃது என்றும் ‘இலங்கை வானொலி’யாகவே நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் அண்டை நாட்டில் நிகழ்ந்த ஒரு மாற்றமும் இவ்வானொலியின் புகழுக்குத் துணை செய்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை வளர்க்கும் நோக்கொடு அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இறுக்கமான கட்டுப்பாடு விதித்தார். நோக்கம் உயர்ந்ததாகலாம், விளைவு வேறாயிற்று. நேயர்கள் தத்தம் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்பை நாடினர். அமீன் சயானி அறிவித்த இந்திப் பாடல் நிகழ்ச்சியை வட இந்தியா முழுவதும் இலங்கை வானொலி வாயிலாகவே கேட்டது. தமிழகமும் அவ்வாறே நம் தமிழ் ஒலிபரப்புக்குச் செவி சாய்த்தது. 1957 அக்டோபர் 3இல் ‘விவித பாரதி’ என்னும் மெல்லிசை ஒலிபரப்பை இந்தியா தொடங்க நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆணையினால் சுவையை வளர்த்தல் இயலாது. பழக்கத்தினாலேயே வளர்த்தல் இயலும் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று.

இனி, அவ்வானொலி தோட்டத்து லயன்களுக்கு வந்து சேர்ந்த விதத்தைக் காண்போம். மின்சாரம் எட்டாத லயன்களில் பழைய வால்வுப் பெட்டிகளுக்கு இடமில்லை. அவை பெரும்பாலும் உத்தியோகத்தர் வீட்டிலும் கடைத்தெருவிலும் இருந்தன. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறிய திரான்சிஸ்டர் பெட்டி வந்த பின்னரே, இசை லயத்துக் கூரையின் கீழ்க் குடியேறிற்று. அப்பொழுதும் வீட்டுக்கொரு பெட்டி என்பதில்லை. ஒருவர் பெட்டி பலர்க்குப் பொது. ஆகலின் ஒருவர் விரும்பியதை அனைவரும் கேட்டனர்; அனைவரும் கேட்டது அறிவிப்பாளர் தேர்ந்ததாக இருந்தது. மங்கல இசையை விரும்பாத இளைஞனும் தான் விரும்பும் திரைப்பாடலுக்காகக் காத்திருக்கையில் அதனைக் கேட்டான். திரைப்பாடலை வெறுத்த முதியவரும் செய்திக்காகக் காத்திருக்கையில் அதனைக் கேட்டார். விரும்பாததையும் கேட்க நேர்ந்த அந்தக் காத்திருப்பே ஒரு கல்வியாயிற்று என்பது நம் கருத்து.

அக்கல்வியின் பாடத்திட்டம் விரிவானது. காலை வேளையில் ‘பொங்கும் பூம்புனல்’ பல தலைமுறைகளுக்குப் பொழுதை விடியச் செய்தது. ‘இசையும் கதையும்’ என்னும் நிகழ்ச்சி, நேயர் எழுதிய கதைக்கிடையே பொருந்தும் பாடலை வைத்து, பாட்டின் பொருளை உணர்ந்து கேட்கப் பழக்கியது. வர்த்தக ஒலிபரப்பின் முதல் தமிழ் அறிவிப்பாளராகிய எஸ். பி. மயில்வாகனம் முதலாயினோரின் தெளிந்த உச்சரிப்பு, தமிழைப் பேசும் முறைக்கே ஓர் இலக்கணமாயிற்று. பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, பாடல்களின் முதலெழுத்தையும் சொல்லையும் நினைவில் நிறுத்தும் விளையாட்டாகி இளைஞரை ஈர்த்தது. இவற்றினிடையே கருநாடக இசைக் கச்சேரி, பண்ணோடு பாடிய திருமுறை, இசுலாமியக் கீதம், கிறித்தவ கீதம், உள்நாட்டுக் கவிஞர்கள் எழுதி உள்நாட்டுக் கலைஞர்கள் இசைத்த மெல்லிசைப் பாடல் ஆகியனவும் ஒலித்தன. 1970களில் ஏ. இ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்களும் வந்து சேர்ந்தன.

வகை பலவாயினும் அவற்றினிடையே சுவர் இல்லை என்பதனையும் அவ்வானொலி காட்டிற்று. தமிழகத்துச் சேலத்தில் 1919இல் பிறந்த முகைதீன் பேக் என்னும் இசுலாமியப் பாடகர், சிங்கள மொழியில் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிச் சிங்கள மக்களின் அன்பைப் பெற்றார். ஆர். முத்துசாமி, எம். ராக்சாமி என்னும் தமிழர் இருவர் சிங்களத் திரையிசைக்கு அழகு சேர்த்தனர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கைத்திறனைத் தமிழகத்து நாகசுர வித்துவான்களே விரும்பித் தேடினர். 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்துப் பாடல்கள் இலங்கை வானொலியில் ஒலித்தபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து முன்னோர் வந்தேறிய நம் தோட்டத்து மக்கள், அவ்விசையில் தம் பாட்டியின் குரலையே கேட்டனர். நாட்டுப்புற மெட்டுக்குத் திரையில் ஒரு பெருவாயில் திறந்த காலம் அது.

திரைப்பாடலையும் நாட்டுப்பாடலையும் இழிந்தனவென ஒதுக்கும் போக்கு தமிழாசிரியரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அவர்கள் நம் பழைய நூல்களையே மீண்டும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்களாக. தொல்காப்பியர் செய்யுளியலில் ‘பண்ணத்தி’ என ஒன்றனைக் குறிக்கின்றார். ஏட்டில் ஏறாமல் மக்கள் வழக்கில் நின்ற பாட்டுகளையே அது சுட்டுவதாக அறிஞர் கொள்வர். இளங்கோவடிகளோ அரங்கேற்று காதையில் யாழ், குழல், மத்தளம், ஆடல் ஆகியவற்றின் நுண்ணிய இலக்கணத்தைக் கூறிய அதே நூலில், நெய்தல் மணக்கும் கானல்வரியும், பாலை நிலத்து வேட்டுவ வரியும், முல்லை நிலத்து ஆய்ச்சியர் குரவையும், மலைமக்களின் குன்றக் குரவையும் வைத்தார். இறுதியில் வாழ்த்துக் காதையில் அம்மானையும் பந்தாட்டுப் பாடலும் ஊசலும் உலக்கைப் பாட்டும் சேர்த்தார். அரசவைக் கலையும் உலக்கைப் பாட்டும் ஒரே நூலுள் அடங்கினமையால் சிலப்பதிகாரத்தின் பெருமை குன்றிற்றா? குன்றவில்லை, அதனாலேயே அது முத்தமிழ்க் காப்பியம் எனப்பட்டது. சிலம்பின் இசைப்பகுதியை ஆராயப் புகுந்தே விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார்.

பிற்காலத்திலும் இதுவே உண்மை. கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் வழிநடையில் பாடும் மெட்டில் அண்ணாமலை ரெட்டியார் இயற்றிய காவடிச் சிந்து, இன்று சபைகளில் சங்கீத வித்துவான்கள் பாடும் உருப்படியாகிவிட்டது. பாரதியார் கும்மியையும் நொண்டிச் சிந்தையும் எடுத்தாண்டு நாட்டு விடுதலையைப் பாடினார். வழிநடையில் பிறந்தது அவைக்கு ஏறுவதும், அவையில் பிறந்தது தெருவுக்கு இறங்குவதும் தமிழிசையின் இயல்பு. பழைய இலங்கை வானொலி தன்னையறியாமலே இவ்வியல்பைப் பின்பற்றியது எனலாம்.

இன்றைய நிலை வேறு. ஒவ்வொரு மாணவர் கையிலும் கைத்தொலைபேசி உண்டு; உலகத்துப் பாடல்கள் யாவும் அதனுள் உண்டு. ஆயினும் அவர்கள் பட்டியல் ஏன் சுருங்கிற்று? ஒருமுறை விரும்பிக் கேட்டதனை ஒத்ததையே மீண்டும் மீண்டும் எடுத்துக் கொடுக்குமாறு அக்கருவி அமைக்கப்பட்டுள்ளது. பசித்தவனுக்கு நேற்று உண்ட சோற்றையே நாளும் படைக்கும் சமையற்காரனை அது ஒக்கும். அவனுக்குப் பசி அடங்கும்; நாவின் அறிவு வளராது. இதனால் அக்கருவியைத் தூக்கி எறிதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. முன்னர் வானொலி செய்த வேலையை இனிப் பாடசாலை செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. பல வகைப் பாடல்களைத் தேர்ந்து, இஃது இன்ன வகை, இன்ன பண்பினது, இன்ன சூழலில் பிறந்தது என்று கூறிச் செவிக்கு அறிமுகம் செய்தல் ஆசிரியர் கடமையாகிவிட்டது.

இனி, முன்னே கூறிய இரண்டாவது செய்திக்கு வருவோம். வானொலி நம் லயன்களுக்குக் கொண்டுவந்தது மிகுதி. நம் லயன்களிலிருந்து கொண்டு சென்றது குறைவு. பாட்டு இல்லாத மக்களா நாம்? விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலியோடு தொடங்கி, கொழுந்து கிள்ளும் மலையிலும், தொட்டிலின் அருகிலும், சாவு வீட்டிலும் பாடிய மக்கள் நாம். மாசி மாதத்தில் இரவு முழுவதும் ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு ஆகியவை எழுத்தறியாத கலைஞர் நெஞ்சில் பல நூறு பாடல்களாக நிறைந்திருந்தன. கடல் கடந்து நடந்து வந்த துயரும், கங்காணியின் கடுமையும், பற்றுச்சீட்டின் கணக்கும், காதலும், எள்ளலும் அப்பாடல்களில் உண்டு.

இச்செல்வத்தின் அருமையை உணர்ந்தோர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. பூண்டுலோயாப் பகுதியின் மடகும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் பாராளுமன்றம் சென்ற தலைவர், கவிஞர். அவர் லயந்தோறும் கேட்ட பாடல்களைத் தொகுத்தார். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலுருப் பெற்றன. அவருக்கு முன்னரே தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், இந்திய வம்சாவழித் தொழிலாளரின் அவலத்தை எளிய பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவற்றை அச்சிலும் வெளியிட்டார். தமிழகத்தில் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்னும் தொகுப்பைப் பதிப்பித்தார், நா. வானமாமலை இத்துறையை ஆராய்ச்சித் துறையாகவே வளர்த்தார். ஆயினும் ஏட்டில் ஏறியது பாட்டின் சொல்லே. அதன் மெட்டு, இழுப்பு, மூச்சு வாங்கும் இடம், கும்மியின் அடி ஆகியவை காகிதத்தில் தங்குவன அல்ல. சொல் நூலகத்தில் உறங்க, இசை பாடினோரோடு மறைந்து கொண்டிருக்கின்றது.

அயலவர் செய்ததை நோக்கினால் இக்குறை நன்கு விளங்கும். புகைவண்டி வருமுன் மாட்டு வண்டிகளே மலைநாட்டுக்குச் சுமை ஏற்றின. அவ்வண்டியோட்டிகள் பாடிய சிங்களப் பாட்டு ஒன்றில் நம் அப்புத்தளை மலையின் பெயர் வருகின்றது. அம்மலையைக் கண்டு அஞ்சும் வண்டிக்காரனின் கலக்கமும், சுமை இழுக்கும் எருதுகளின்பால் அவன் கொள்ளும் இரக்கமும் அதிற் புலப்படும். அச்சிறு பாட்டு இன்று சிங்களச் சிறுவரும் அறிந்த நாட்டுப்பாடல். சூரிய சேன, மகுலொலுவ முதலிய அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று சிங்களக் கிராமியப் பாடல்களைச் செவியால் கேட்டுத் தொகுத்தனர். மேடையிலும் பாடசாலையிலும் அவ்விசை வழங்குமாறு செய்தனர். அதே மலையிற் கொழுந்து கூடை சுமந்து ஏறிய தமிழ்ப் பெண்ணின் பாட்டு, ஹல்துமுல்லைப் பாடசாலை மாணவனுக்கே தெரியாத நிலையில் இருக்கின்றது. அயலவர் பாட்டு பரவியதில் நமக்கு மகிழ்ச்சியே; அதனை நம் மாணவர்க்கும் கற்பித்தல் வேண்டும். அவர்கள் காட்டிய அக்கறையை நாமும் நம் பாட்டினிடத்துக் காட்டுதல் வேண்டும்.

காலம் கடத்துவதற்கு இடமில்லை. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலும் பிறவிடங்களிலும் குடியேறியோர் தம் பாடல்களையும் உடன் கொண்டு சென்றனர். இருந்த தோட்டங்களில், பாட்டைத் தொடுப்பவர் ஒருபுறமும் அதனை வாங்கிப் பாடுபவர் மறுபுறமுமாகப் பிரிந்து போயினர். 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில் நம் ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடிற்று. உயிரிழப்பின் முன் வேறெதனையும் பேசுதல் தகாது எனினும், அங்கு வாழ்ந்தோர் நெஞ்சிற் சுமந்திருந்த பாடல்களை எழுதி வைத்த ஏடு எதனையும் நாம் இன்றுவரை கண்டதில்லை என்பதனையும் கூறாதிருக்க இயலவில்லை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நிகழ்ந்தது. அந்தப் பழைய வழியில் முன்னோர் பாடிய பாடல்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

இப்பாடல்களில் கொச்சை மிகுதி, ஆங்கிலச் சொற்கலப்பு மிகுதி, ஆகவே மாணவர்க்கு ஆகா எனச் சிலர் கூறுவர். தமிழ் படித்தவர் என்ற முறையில் நாம் இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ‘பெரட்டு’ என்பது ஆங்கிலத்துப் ‘பெரேட்’ என்பதன் திரிபு. படையினரை வரிசையில் நிறுத்தும் சொல், கொழுந்து எடுப்போரை வரிசையில் நிறுத்தும் சொல்லாக வந்தமையே ஒரு வரலாறு. வரிசை வீடு ‘லயம்’ ஆனதும், மேலதிகாரி ‘துரை’ ஆனதும் அத்தகையனவே. இச்சொற்களை நீக்கித் தூய சொற்களைப் பெய்தால் பாட்டு தூய்மை அடையாது, வரலாறு அழியும். இடக்கர்ச் சொல் வரும் இடங்களை வகுப்புக்கு ஏற்பத் தேர்ந்து கொள்ளுதல் ஆசிரியர் அறிவைப் பொறுத்தது. சங்கப் பாடல்களையும் நாம் அவ்வாறு தேர்ந்தன்றோ சிறுவர்க்குக் கற்பிக்கின்றோம்?

செய்யத்தக்கது யாது என்பதனைச் சுருக்கமாகக் கூறுவோம். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் இலக்கிய மன்றம் உண்டு. மாதம் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரத்தைக் கேள்வி நேரமாக ஒதுக்கலாம். ஒரு கீர்த்தனை, ஒரு திருமுறைப் பாடல், பிற சமயத்துப் பாடல் ஒன்று, ஒரு மெல்லிசைப் பாடல், ஒரு திரைப்பாடல், ஒரு சிங்களப் பாடல், மாணவர் ஒருவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு வந்த பாடல் என வரிசைப்படுத்தலாம். இறுதியில் ஒவ்வொருவரும் தாம் விரும்பியது எது, ஏன் விரும்பினோம் என நான்கு வாக்கியம் எழுதுதல் வேண்டும். விருப்பத்திற்குக் காரணம் கூறப் பழகுதலே இலக்கியத் திறனாய்வின் முதற் படி.

கைத்தொலைபேசியையும் இப்பணிக்கு ஏவலாம். பாடும் மூதாட்டியாரின் இசைவு பெற்று, அவர் குரலை அவ்வாறே பதிவு செய்தல் வேண்டும். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வேளையிற் பாடுவது, யாரிடம் கற்றது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். அவர் உச்சரித்தவாறே எழுதுதல் வேண்டும். இலக்கணப் பிழை திருத்தப் புகுதல் கூடாது. பதிவின் ஒரு படி பாடசாலையில் இருக்க, மற்றொரு படி 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளைப் பேணிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்ற இடத்துக்குச் செல்லுதல் நன்று. இவ்வாறு சேர்ந்த பாடல்களைக் கொண்டு வானொலி நிலையத்தாரை அணுகி, வாரம் கால் மணி நேரம் தருக எனக் கேட்டல் நம் உரிமை. வெறுங்கையோடு சென்று இடம் கேட்பதனிலும், பாடல்களோடு சென்று கேட்பது பயன் தரும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செவியும் பொறுமையும் போதும். ஆனால் பாடத் தெரிந்தோர் இருக்கும்பொழுதே செய்தல் வேண்டும். வரும் தவணை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு பாட்டைக் கேட்டு வந்து ஒப்புவிக்க வேண்டும் என ஆசிரியர்கள் பணிப்பார்களாக. அடுத்த ஆண்டு அம்மாணவரிடம் விரும்பும் பாடல் எது என்று வினவுங்கால், பத்துள் ஒன்றேனும் அவர்தம் லயத்தில் பிறந்ததாக இருக்கும் என நம்புகின்றோம்.